புல்லு யாருது?

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகர் பாய்சிக்கு வடமேற்கே, ஈகிள் ஊரைத் தாண்டி 55-ஆம் நெடுஞ்சாலையில் போலீஸ் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தை மறித்திருந்தார்கள். விபத்து இல்லை. இரண்டாயிரம் செம்மறிக்கு மேல் சாலையைக் கடக்கப் போகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் குளிர்கால மேய்ச்சலிலிருந்து மலையடிவாரத்துக்கு ஆடுகளை இந்த வழியாகத்தான் ஓட்டிப் போகிறார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. முன்னால் பெரூ நாட்டு மேய்ப்பர் ஒருவர், ஓரத்தில் பெரிய வெள்ளை நாய்கள், பின்னால் கலங்கிய ஆறு போல மந்தை.

சிவகங்கைப் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே இரவு எட்டரை மணி. முப்பது வருஷம் கிடை ஆடு வைத்திருந்தவர். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எத்தனை உருப்படி?" என்றார். சொன்னேன். "ஒரே ஆளு ஆடா? அது இருக்கட்டும். இதுக எங்க மேயப் போகுது? புல்லு யாருது?"

எனக்குத் தெரியவில்லை. மேய்ப்பர் யார், நாய் என்ன சாதி, குட்டி என்ன விலைக்குப் போகும் என்று எதை எதையோ யோசித்திருந்தேன். புல் யாருடையது என்று தோன்றவே இல்லை. அதைத் தேடிப் போனபோதுதான் ஃப்ராங்க் குடிங் என்ற மனிதர் அகப்பட்டார். ட்வின் ஃபால்ஸ் போகும்போதெல்லாம் நெடுஞ்சாலைப் பலகையில் 'குடிங்' என்று ஊர்ப் பெயர் பார்த்திருக்கிறேன். அது ஒரு ஆட்டுக்காரரின் பெயர் என்பது பத்து வருஷம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாது.

1859-இல் இங்கிலாந்தில், டெவன் பகுதியின் டிவெர்ட்டன் ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து மிச்சிகனில் வளர்ந்து, 1877-இல் கலிபோர்னியா போய், 1881-இல் ஐடஹோவின் கெட்சம் ஊருக்கு வந்து சேர்ந்தார். அன்று ஐடஹோ மாநிலம்கூட இல்லை, வெறும் பிரதேசம். வுட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளியும் ஈயமும் கிடைத்து ஊர் பொங்கிக்கொண்டிருந்தது. குடிங் முதலில் தபால் சுமந்தார். அப்புறம் விறகு வெட்டி, கரி சுட்டு, தாது உருக்கும் உலைக்கு விற்றார். சுரங்கம் தோண்டியவர்களைவிட சுரங்கத்துக்குக் கரி விற்றவர் நிதானமாகச் சம்பாதித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் வெள்ளி நிரந்தரமில்லை. 1888-இல் குடிங் மலையிலிருந்து இறங்கி ஸ்நேக் ஆற்றுச் சமவெளிக்கு வந்து, டோபோனிஸ் என்ற ரயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிலம் பிடித்து ஆடு வளர்க்கத் தொடங்கினார்.

நிலம் பிடித்து என்று எழுதுவது எளிது. அவர் கெட்சம் வருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1878-இல், கமாஸ் புல்வெளியில் பன்னாக் பழங்குடி மக்கள் அரசோடு போர் புரிந்து தோற்றிருந்தார்கள். கமாஸ் என்பது அங்கே மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. அவர்களுடைய முக்கிய உணவு. வெள்ளையர்களின் பன்றிகளும் மாடுகளும் அந்தக் கிழங்கைக் கிளறித் தின்று தீர்த்தன என்பது போருக்கான பெரிய காரணங்களில் ஒன்று. ஆக, பெரியப்பாவின் கேள்விக்கு முதல் பதில் அங்கேயே இருக்கிறது. அந்தப் பதிலை ஐடஹோ அரசியலில் அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடிங்கும்தான்.

ஆட்டுத் தொழில் நடந்த விதம் இது. குளிர்காலத்தில் ஆடுகள் தெற்கே, சேஜ்பிரஷ் புதர் மண்டிய வறண்ட சமவெளியில் கிடக்கும். பனி முடிகிற நேரத்தில் கொட்டகையில் ஈற்று. பிறகு மயிர் கத்தரிப்பு. வெயில் ஏற ஏற, உருகும் பனியைத் துரத்திக்கொண்டே மந்தைகள் வடக்கே மலையேறும். கோடை முழுக்க சாடூத் மலைகளில் மேய்ந்து கொழுத்த குட்டிகளை இலையுதிர் காலத்தில் கெட்சமுக்கு இறக்கி ரயிலேற்றுவார்கள். சுமார் இரண்டாயிரம் உருப்படி ஒரு மந்தை. அதற்கு ஒரு மேய்ப்பர். அவருக்குச் சோறும் உப்பும் கொண்டுபோய்க் கொடுத்து, முகாமை இடம் மாற்ற இன்னொரு ஆள். தங்குவதற்கு அடுப்பும் கட்டிலும் வைத்த கூண்டு வண்டி. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலிருந்து வந்த பாஸ்க் மக்கள்தான் பின்னாளில் இந்த வேலைக்குப் பேர்போனவர்கள். பல பேர் ஊரில் ஆடு மேய்த்ததே கிடையாது, இங்கே வந்து கற்றுக்கொண்டவர்கள். இங்கிலீஷ் தெரியாமலேயே செய்யக்கூடிய வேலை, அவ்வளவுதான். இன்று அந்த இடத்தில் பெரூக்காரர்கள்.

இந்த முழுச் சுற்றிலும் ஆட்டுக்காரருக்குச் சொந்தமாக இருந்தது கொட்டகையும் கொஞ்சம் வைக்கோல் நிலமும்தான். குளிர்காலச் சமவெளி, வசந்தத்து அடிவாரம், கோடை மலை எல்லாமே அரசாங்கப் புறம்போக்கு. வாடகை இல்லை, சீட்டு இல்லை, வேலி இல்லை. முந்திப் போகிற மந்தைக்குப் புல்.

முந்திப் போனவர்கள் மாட்டுக்காரர்கள். ஆடு வேரோடு கடித்துவிடும், ஆடு போன வழியில் மாடு வாய் வைக்காது என்றெல்லாம் சொன்னார்கள். ஓரளவு உண்மை, ஓரளவு வயிற்றெரிச்சல். ஆனால் அவர்கள் வெறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 1870களிலும் 1880களிலும் ஐடஹோ பிரதேசச் சட்டமன்றம் போட்ட சட்டங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, யாருடைய குடியிருப்பிலிருந்தும் இரண்டு மைலுக்குள் ஆடு மேய்க்கக் கூடாது, மேய்த்தால் நஷ்ட ஈடு. நிலம் அரசாங்கத்தின் நிலமாக இருந்தாலும்! இன்னொன்று, வழக்கமாக மாடு மேய்கிற புறம்போக்கில் ஆட்டை விட்டால் குற்றம். மாட்டுக்கும் குதிரைக்கும் இப்படி எந்தத் தடையும் கிடையாது. சமவெளியின் நடுவே ஒரு மரக்குடிசையைப் போட்டுவிட்டால், அதைச் சுற்றி எந்தத் திசையிலும் இரண்டு மைலுக்குள் ஆடு மேய முடியாது. பன்னிரண்டு சதுர மைலுக்கு மேல் வருகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் ராத்திரிக்கு ஆடு வந்து படுக்க வேண்டும் என்று சம்சாரி காத்துக் கிடப்பார். கிடை போட்டால் ஆட்டுக்காரருக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று காசோ நெல்லோ கொடுப்பார்கள். பயிருக்குள் ஆடு இறங்கிவிட்டால் சண்டை வரும், பவுண்டில் அடைப்பார்கள், அது வேறு. ஆடு வீட்டுக்கு இரண்டு மைல் தள்ளிப் போக வேண்டும் என்று ஒரு சட்டமா? "அங்க வெள்ளாமைக்கு என்னத்தைப் போடுவான்?" என்று கேட்டார்.

சட்டத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 1896 பிப்ரவரியில் தெற்கு ஐடஹோவின் காசியா கவுண்டியில் இரண்டு மேய்ப்பர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பெரிய மாட்டு நிறுவனம் ஒன்று ஆடுகளை எல்லை தாண்டாமல் விரட்டுவதற்கென்றே 'டயமண்ட்ஃபீல்ட்' ஜாக் டேவிஸ் என்ற வாய்ச்சவடால் ஆசாமியைக் கூலிக்கு வைத்திருந்தது. பழி அவன்மேல் விழுந்தது. ஆட்டுக்காரர்கள் காசு போட்டு அமர்த்திய இளம் வக்கீல் வில்லியம் போரா அரசுத் தரப்பில் வாதாட, 1897-இல் ஜாக்குக்குத் தூக்குத் தண்டனை. அடுத்த ஆண்டே அதே மாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், சுட்டது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியும் ஜாக் வெளியே வர 1902 டிசம்பர் ஆயிற்று. இறந்த இரண்டு மேய்ப்பர்களுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை என்பதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஜாக்கின் கதை அவ்வளவு சுவாரசியம்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் 1898-இல் லிங்கன் கவுண்டியிலிருந்து குடிங் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஐடஹோ மாநிலமாகி எட்டே ஆண்டு. ஏன் போனார் என்பதற்கு என் கணிப்பு எளிது. தன் புல்லுக்குப் பட்டா இல்லாதவன் சட்டமன்றத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. மாட்டுக்காரருக்குச் சட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, அவர் வீட்டில் இருக்கலாம். ஆட்டுக்காரருக்கு இரண்டு மைல் சட்டம் ஒரு பக்கம். சொறி நோய் பரவும் என்று பக்கத்து மாநிலத்து ஆடுகளை உள்ளே விடாமல் ஆளுநர் தடுக்கலாம் என்ற சட்டம் இன்னொரு பக்கம், 1901-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதைச் சரி என்றது. இதற்கெல்லாம் மேல் வாஷிங்டனில் போடும் கம்பளி வரி. 1894-இல் வெளிநாட்டுக் கம்பளிக்கு இறக்குமதி வரியை எடுத்தார்கள், 1897-இல் திரும்பப் போட்டார்கள், 1913-இல் மறுபடி எடுத்தார்கள். ராத்தலுக்குப் பதினோரு பன்னிரண்டு சென்ட் சமாச்சாரம். ஆட்டுக்காரர் பிழைப்பதும் முழுகுவதும் அந்தச் சென்ட்டுகளில்தான்.

அவர் மட்டுமல்ல. ஐடஹோ அரசியல் சாசனத்தை எழுதிய அவையிலும் 1890-இன் முதல் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து, பிறகு ஆளுநரான ஃப்ராங்க் ஸ்டூனன்பர்க், பதவி முடிந்ததும் போய்ச் சேர்ந்த தொழில்களில் ஒன்று ஆடுதான். இந்த இரண்டு ஃப்ராங்குகளும் ஒரு பயங்கரமான இடத்தில் சந்திக்கிறார்கள்.

1904 தேர்தலில் வென்று குடிங் ஆளுநரானார். இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. 1905 டிசம்பர் 30 மாலை, கால்டுவெல் ஊரில் ஸ்டூனன்பர்க் தன் வீட்டு வேலிக் கதவைத் திறக்கிறார். கதவில் கட்டியிருந்த குண்டு வெடித்து இறந்துபோகிறார். 1899-இல் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை ராணுவத்தை வைத்து ஒடுக்கியவர் அவர். அதற்குப் பழி என்று எல்லோரும் நினைத்தார்கள். குடிங் அன்று இரவே தனி ரயிலில் கால்டுவெல் போனார்.

இதன் பிறகு நடந்தவற்றில் குடிங்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. குண்டு வைத்த ஹாரி ஆர்ச்சர்ட் பிடிபட்டான். தொழிற்சங்கத் தலைவர்கள் சொல்லித்தான் செய்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தான். அந்தத் தலைவர்கள் மூன்று பேரும் இருந்தது கொலராடோ மாநிலத்தின் டென்வரில். கொலை நடந்த அன்று அவர்கள் ஐடஹோவிலேயே இல்லை. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஆளைப் பிடித்துக்கொண்டு வர, குற்றம் நடந்தபோது அங்கே இருந்துவிட்டுத் தப்பியோடியவர்கள் என்று காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் குடிங் கையெழுத்துப் போட்டார். 1906 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி மூன்று பேரையும் பிடித்து, வக்கீலைப் பார்க்க விடாமல், விடியும் முன் தனி ரயிலில் ஏற்றி பாய்சிக்குக் கொண்டுவந்தார்கள். வந்துவிட்டார்கள் அல்லவா, இனி எப்படி வந்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நீதிபதி மெக்கென்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

1907 கோடையில் அந்த மூவரில் ஒருவரான பில் ஹேவுட் மீதான வழக்கு உலகம் முழுக்கச் செய்தியானது. அரசுத் தரப்பில் ஆட்டுக்காரர்களின் பழைய வக்கீல் போரா, இப்போது அமெரிக்க செனட்டர். கூடவே ஜேம்ஸ் ஹாலி. டயமண்ட்ஃபீல்ட் ஜாக்குக்காக போராவை எதிர்த்து வாதாடிய அதே ஹாலிதான். சின்ன மாநிலத்தில் இதெல்லாம் சகஜம் போல. எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. குற்றத்தில் கூட்டாளியின் வாக்குமூலம் ஒன்று மட்டும் போதாது, வேறு சாட்சியம் வேண்டும் என்பது ஐடஹோ சட்டம். ஜூலை 28 அன்று ஹேவுட் விடுதலை.

அதே 1907-இல் இன்னும் இரண்டு நடந்தன. பிப்ரவரியில், இரண்டு மைல் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆட்டுக்காரர் ஒருவர் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே! தீர்ப்பை எழுதியவர், டென்வர் கடத்தலில் மாறுபட்ட அதே மெக்கென்னா. எல்லாருக்கும் பொதுவான நிலத்தில் ஒருவர் அனுபவிக்கும் முறை மற்றவரை விரட்டிவிடாதபடி மாநிலம் ஒழுங்குபடுத்தலாம் என்பது வாதத்தின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மாட்டுக்கும் அதே ஒழுங்கு இருந்திருந்தால். நவம்பரில், டோபோனிஸில் தன் பண்ணை நிலத்தில் குடிங் ஒரு ஊரையே வரைந்து மனைகளாகப் பிரித்தார். ஊருக்குத் தன் பெயரையே வைத்தார். 1910-இல் காதுகேளாதோர், பார்வையற்றோருக்கான மாநிலப் பள்ளி அந்த ஊருக்கு வந்தது. 1913-இல் குடிங் கவுண்டி பிறந்தது. பாய்சியில் இன்று நாங்கள் பார்க்கும் மணற்கல் சட்டமன்றக் கட்டடத்துக்கு வேலை தொடங்கியதும் 1905-இல், இவர் காலத்தில்தான்.

1909-இல் பதவி முடிந்து ஆட்டுக்குத் திரும்பினார். ஐடஹோவில் ஆடு உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1918. இருபத்தாறரை லட்சம் உருப்படி, மனிதர்களைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. உலகப் போர், ராணுவச் சீருடைக்குக் கம்பளி. அந்த வருஷம் குடிங் அமெரிக்க செனட்டுக்கு நின்று ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். இருபத்தாறு லட்சம் ஆடு இருந்தும் ஓட்டு மனிதர்களுக்குத்தானே. மாட்டுப் புறம்போக்கில் ஆட்டை விடுவது குற்றம் என்ற பழைய சட்டத்தையும் அதே 1918-இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஐடஹோ அரசை எதிர்த்து நின்ற ஆட்டுக்காரரின் பெயர் ஓமாஎசெவாரியா. பெயரைப் பார்த்தாலே பாஸ்க் என்று தெரியும்.

1920-இல் மறுபடி நின்று ஜெயித்தார். போர் முடிந்து கம்பளி விலை சரிந்து கிடந்த நேரம். 1921 ஜனவரியில் செனட்டுக்குள் நுழைந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்க ஜோசியம் வேண்டாம். விவசாயப் பொருள்களுக்கு இறக்குமதி வரி கேட்ட செனட்டர்களுக்குத் தலைமை தாங்கினார். 1922 வரிச் சட்டத்தில், கழுவிச் சுத்தமான கம்பளிக்கு ராத்தலுக்கு 31 சென்ட் வந்தது. இந்த வரியால் லாபம் பார்ப்பவரே வரியை எழுதலாமா என்று செனட்டிலேயே கேள்வி எழுந்தது. கேள்வி சரிதான். ஆனால் துணி ஆலைகள் நிறைந்த மாநிலத்துச் செனட்டர்கள் மலிவுக் கம்பளி கேட்டபோது அதை யாரும் சுயநலம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. ஆட்டுக்காரர் நேரே ஆட்டு நாற்றத்தோடு வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரயில் கட்டணத்திலும் மோதினார். கடற்கரைத் துறைமுகம் வரைக்கும் போகிற சரக்குக்குக் குறைந்த கட்டணமும், பாதி வழியில் ஐடஹோவில் இறங்குகிற சரக்குக்கு அதிகக் கட்டணமும் ரயில் கம்பெனிகள் வாங்கிக்கொண்டிருந்தன. கப்பலோடு போட்டி என்று காரணம் சொன்னார்கள். அதைத் தடுக்க குடிங் கொண்டுவந்த மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை. 1928 ஜூன் 24 அன்று, செனட்டராக இருக்கும்போதே, தன் பெயர் கொண்ட ஊரில் இறந்தார்.

சமவெளியின் இலவசப் புல் அவருக்குப் பிறகு ஆறு ஆண்டுதான். 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. புறம்போக்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, உரிமமும் கட்டணமும் வந்தன. 1936-இல் கெட்சமுக்குப் பக்கத்தில் ரயில் கம்பெனி ஒன்று பண்ணை நிலத்தை வாங்கி சன் வேலி பனிச்சறுக்கு விடுதியைத் திறந்தது. குட்டிகளை ஏற்றிய ஊரில் இப்போது கோடீஸ்வரர்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் மட்டும், பழைய ஞாபகத்துக்காக, ஊர் நடுத்தெரு வழியே ஆடுகளை ஓட்டி விழா எடுக்கிறார்கள். மாநிலத்தில் ஆடு இன்று இரண்டு லட்சத்துச் சொச்சம்.

போன ஜூலையில் குடிங் ஊருக்குப் போனேன். காற்றில் ஆட்டு வாடை இல்லை, மாட்டுச் சாண வாடை. சுற்றிலும் பால்பண்ணைகள். கடைசியில் மாடு ஜெயித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லைப் பார்த்துவிட்டு, நிழலில் நின்று பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"புல்லு கவர்மென்ட்டுது பெரியப்பா. இப்பக் காசு கட்டி மேய்க்கிறாங்க. ஒரு மாடு ஒரு மாசம் மேய 2025-இல் 1.35 டாலர். அதே காசுக்கு அஞ்சு ஆடு."

"ரூவாயில சொல்லு."

"நூத்திப் பதினஞ்சு ரூபாய்க்கு மேல வரும்."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "அஞ்சு ஆட்டுக்கா? தேவலையே." கொஞ்ச நேரம் கழித்து, "சரிப்பா, அந்த ஆடுக படுக்குற இடத்துல விழுகுற புழுக்கைக்கு கவர்மென்ட்டு என்ன குடுக்குது?" என்றார்.

"ஒண்ணும் குடுக்கல."

"கேட்டுப் பாக்கச் சொல்லு," என்றார். அந்தப் பக்கம் பெரியம்மா சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.